ஸ்டைன்ஸ் கேட் 23-ஆம் பகுதி: பார்த்து முடித்ததும் எழும் கேள்விகள்

நான் சொல்லி ஸ்டைன்ஸ் கேட் என்ற ஜப்பானிய அனிமே தொடரைப் பார்க்க ஆரம்பித்தவர்கள் எனக்கு இரண்டு தடவை போன் செய்வார்கள். முதல் தடவை நான்காவது பகுதி வாக்கில், "என்னய்யா இது, ஒன்றுமே நடக்க மாட்டேங்குதே" என்று. இரண்டாவது தடவை 23-ஆம் பகுதி முடிந்ததும், அநேகமாக ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மேல். அந்த இரண்டாவது போனில் வரும் கேள்விகளை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். 23 வரை பார்த்தவர்களுக்கான பக்கம் இது. 24-ஐத் தொடுகிற கேள்விகள் கடைசியில் இருக்கின்றன. அங்கே எச்சரிக்கை போட்டிருக்கிறேன்.

நடுவில் ஒரு மாதம் விட்டுவிட்டேன். கதை எங்கே நிற்கிறது?

2010 கோடைக்காலம், டோக்கியோவின் அகிஹபாரா. ஒகாபே ரின்தாரோ ஒரு கல்லூரி மாணவன். தன்னை ஹோவோயின் க்யோமா என்னும் கிறுக்கு விஞ்ஞானி என்று சொல்லிக்கொண்டு, பழைய டிவி கடைக்கு மேல்மாடியில் 'ஆய்வகம்' நடத்துகிறான். அங்கே இருக்கும் மைக்ரோவேவ் அடுப்பு, செல்போன் செய்தியைக் கடந்த காலத்துக்கு அனுப்பும் இயந்திரமாக மாறிவிடுகிறது. அப்படிப் போகும் செய்திக்கு டி-மெயில் என்று பெயர்.

ஜூலை 28 அன்று ரேடியோ கைகான் கட்டடத்தில் மாக்கிசே குரிசு என்ற இளம் பெண் விஞ்ஞானி ரத்த வெள்ளத்தில் கிடப்பதைப் பார்த்து, பதறிப்போய் நண்பன் டாருவுக்கு ஒகாபே ஒரு செய்தி அனுப்பினான் அல்லவா? தெரியாமல் அனுப்பிய முதல் டி-மெயில் அது. உலகம் பீட்டாவிலிருந்து ஆல்ஃபாவுக்குத் தாவியது. நிகழ்வுகள் வேறுவிதமாக ஓடும் ஒவ்வொரு பாதைக்கும் உலகக்கோடு என்று பெயர்; பீட்டா, ஆல்ஃபா இரண்டும் அப்படிப்பட்ட பாதைகளின் தொகுதிகள். ஆல்ஃபாவில் குரிசு உயிரோடு இருக்கிறாள், ஆனால் ஒகாபேயின் சிறுவயதுத் தோழி மாயுரி செத்துப்போகிறாள். எந்தப் பக்கம் ஓடினாலும், எத்தனை தடவை பின்னால் போய்த் தடுத்தாலும், சாகிறாள். பீட்டாவுக்குத் திரும்பினால் மாயுரி பிழைப்பாள், குரிசு இருக்க மாட்டாள். 22-ஆம் பகுதியில் ஒகாபே மாயுரியைத் தேர்ந்தெடுக்கிறான். அப்படிச் செய்யச் சொன்னதே குரிசுதான்.

22-லேயே கதை முடிந்துவிட்டதே. இன்னும் இரண்டு பகுதி எதற்கு?

இந்தச் சந்தேகம் வருவது சரிதான், ஏனென்றால் 22 உண்மையிலேயே ஒரு முடிவு. இந்த அனிமே 2009-இல் வந்த ஒரு விளையாட்டிலிருந்து எடுக்கப்பட்டது. திரையில் ஓடும் கதையை வாசித்துக்கொண்டே போய், அங்கங்கே நாம் செய்யும் தேர்வுகளால் முடிவு மாறும் வகை. நிறைய பேர் அதில் 22-க்கு இணையான இடத்தில் கதையை முடித்துவிட்டு எழுந்து போயிருப்பார்கள். வழியில் குரிசுவின் செய்திகளுக்குச் சரியான பதில்களை அனுப்பியிருந்தால் மட்டும், முடிவுப் பெயர்கள் ஓடி முடிந்த பிறகு போன் அடிக்கும். உண்மையான முடிவுக்கான கதவு அது.

அனிமேக்காரர்கள் அதே வித்தையை நம்மிடமும் காட்டினார்கள். 22-இல் பெயர்கள் ஓடி முடிந்ததும் ஒகாபேயின் போன் அடிக்கிறது. அதற்குள் அணைத்துவிட்டுப் படுக்கப் போனவர்கள் இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் இரண்டு நாள் சோகத்தில் இருந்துவிட்டுத்தான் இன்னும் இரண்டு பகுதி இருப்பதையே கவனித்தார்.

சுசுஹா ஏன் ராணுவ உடையில் வருகிறாள்? சைக்கிளில் சுற்றிய அந்தப் பெண்தானே இவள்?

ஆளும் முகமும் அதே. டாருவின் மகள் என்பதும் அதே. ஆனால் வேறு எதிர்காலத்தில் வளர்ந்தவள். ஆல்ஃபாவில் செர்ன் என்ற அமைப்பு உலகையே அடிமைப்படுத்தியிருந்தது. அந்தச் சுசுஹா அதற்கு எதிரான போராளி. இவள் டைம் மெஷினில் வருவது பீட்டாவின் 2036-லிருந்து. அங்கே மூன்றாம் உலகப் போர் நடந்து 570 கோடிப் பேர் செத்திருக்கிறார்கள். டிவி கடைக்காரரிடம் வேலை பார்த்ததோ, ஒகாபேயோடு சண்டை போட்டுச் சிரித்ததோ இவள் வாழ்க்கையில் நடக்கவே இல்லை. மொட்டை மாடியில் அவளைப் பார்த்ததும் ஒகாபேக்கு வரும் நெருக்கம் அவன் பக்கம் மட்டும்தான் இருக்கிறது. இதைச் சொல்லிக்காட்ட ஒரு வசனமும் கிடையாது.

ஓர் ஆராய்ச்சிக் கட்டுரைக்காக உலகப் போரா?

டைம் மெஷினைப் பற்றிய கட்டுரை அது. எழுதியவள் குரிசு. திருடியவர் அவளுடைய அப்பா, டாக்டர் நகபாச்சி. ஜூலை 28 அன்று அதைப் பிடுங்கிக்கொண்டு ரஷ்யாவுக்கு ஓடித் தஞ்சம் கேட்கிறார். அப்புறம் டைம் மெஷினை யார் முதலில் செய்வது என்று நாடுகளுக்குள் போட்டி வந்து, அது போரில் முடிகிறது. குரிசு அன்று சாகாமல், கட்டுரையும் அவர் கைக்குப் போகாமல் இருந்தால் போர் வராது. சுசுஹாவின் கணக்கு இவ்வளவுதான்.

என் கருத்து என்னவென்றால், போர் இங்கே ஒரு சாக்கு. 570 கோடி என்ற எண்ணை ஒரே வசனத்தில் தூக்கிப் போட்டுவிட்டுப் போகிறார்கள், அதை உணர நமக்கு நேரமே தருவதில்லை. ஒகாபேக்கும் அது பெரிதாக உறைத்த மாதிரித் தெரியவில்லை. "குரிசுவைக் காப்பாற்றலாம்" என்ற ஒரு வார்த்தை காதில் விழுந்ததும் மற்றதெல்லாம் பின்னால் போய்விடுகிறது. அவனை மெஷினுக்குள் ஏற்றுவதற்குக் கதைக்கு ஒரு பெரிய காரணம் வேண்டியிருந்தது, போட்டிருக்கிறார்கள்.

அப்படியென்றால் குரிசுவைக் கொன்றது ஒகாபேதானா?

இந்தப் பகுதியில், ஆமாம்.

எப்படி நடக்கிறது என்று பாருங்கள். ஜூலை 28-க்குப் போய் இறங்குகிறான். முதலில் செய்யக் கூடாத ஒன்றைச் செய்கிறான்: குரிசுவின் கண்ணில் படுகிறான். இருபத்து இரண்டு பகுதிகளாக நாம் பார்த்த காதல் முழுவதும் அவன் முகத்தில் இருக்கிறது. அவளுக்கோ அவன் யாரோ ஒரு அந்நியன். ஏதோ சொல்ல வாயெடுத்து, சொல்ல முடியாமல் ஓடிவிடுகிறான். பிறகு, குரிசு அப்பாவிடம் கட்டுரையைக் கொண்டுவந்து கொடுக்கும் இடத்தில் ஒளிந்துகொள்கிறான். மகளின் எழுத்தைத் தன் பெயரில் வெளியிடப் போவதாக நகபாச்சி சொல்கிறார். அவள் தடுத்ததும் கழுத்தைப் பிடிக்கிறார். ஒகாபேயால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. கைகலப்பு. கத்தியோடு அவரை நோக்கிப் பாய்கிறான். அப்பாவைக் காப்பாற்ற குரிசு குறுக்கே விழுகிறாள்.

தன்னைக் கொல்லப் பார்த்த அப்பாவுக்காக அவள் குறுக்கே வந்ததைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. ஆனால் முந்தைய பகுதிகளைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். அப்பாவோடு சமாதானமாகப் போக வேண்டும் என்பது அவளுக்கு எத்தனை நாள் ஏக்கம் என்று ஒகாபேக்கும் தெரியும், நமக்கும் தெரியும். தெரிந்திருந்தும் அந்த நொடியில் அவன் கணக்கில் அது வரவில்லை.

முதல் பகுதியில் அவன் பார்த்த பிணமும் இப்படி இறந்தவள்தானா?

இதற்கு ஒரே வரியில் பதில் சொல்கிறவர்களை நம்பாதீர்கள். முதல் பகுதியை ஒரு தடவை நினைத்துப் பாருங்கள். கட்டடம் அதிர்கிறது. குரிசு ஒகாபேயை நிறுத்தி, "பதினைந்து நிமிடம் முன்னால் என்னிடம் ஏதோ சொல்ல வந்தீர்களே, என்ன?" என்று கேட்கிறாள். அவளை அவன் அதற்கு முன் பார்த்ததே இல்லை. கொஞ்ச நேரத்தில் எங்கிருந்தோ ஓர் ஆணின் அலறல் கேட்கிறது. போய்ப் பார்த்தால் ரத்தத்தில் ஒரு பெண்.

23-ஐப் பார்த்த பிறகு இந்த மூன்றுக்கும் காரணம் தெரிந்துவிடும். அதிர்வு, மொட்டை மாடியில் டைம் மெஷின் வந்து இறங்கியது. குரிசு பார்த்தது, அழப்போகிற முகத்தோடு நின்ற இன்னொரு ஒகாபேயை. அலறல் அவனுடையது. ஆக, கதையின் முதல் இருபது நிமிடத்துக்குள்ளேயே எதிர்காலத்து ஒகாபே அந்தக் கட்டடத்துக்குள் இருந்திருக்கிறான். ஆனால் கவனியுங்கள், முதல் ஒகாபே கண்ணால் கண்டது மூன்று விஷயங்கள் மட்டுமே: ரத்தம், அசையாமல் கிடக்கும் உடம்பு, அந்த இடம். அவளுடைய நாடியைத் தொட்டுப் பார்த்தானா? இல்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

மறுபடி முதல் பகுதியைப் பார்த்தால் இன்னொன்றும் கண்ணில் படும். அன்றைய பத்திரிகையாளர் கூட்டத்தில் நகபாச்சியைப் பார்த்து, உங்கள் கோட்பாடு, இணையத்தில் தன்னைக் காலப் பயணி என்று சொல்லிக்கொண்ட ஜான் டைட்டரிடமிருந்து அடித்த காப்பி என்று ஒகாபே கத்துகிறான். அப்போது நமக்கு அது சிரிப்பு. அடுத்தவர் எழுத்தைத் தன்னுடையது என்று சொல்லும் பழக்கம் அவருக்கு உண்டு என்பதை அன்றே சொல்லிவிட்டார்கள்.

மாயுரி கன்னத்தில் விடும் அந்த அறை. அது ஏன் இவ்வளவு பெரிய விஷயமாகப் பேசப்படுகிறது?

ஆகஸ்ட் 21-க்குத் திரும்பி வந்து, மொட்டை மாடியில் ரத்தக் கையோடு உட்கார்ந்து, எல்லாம் வீண், எதுவும் மாறாது, முன்பே எழுதி வைத்ததுதான் நடக்கும் என்று ஒகாபே பிதற்றுகிறான். பளார் என்று ஓர் அறை விழுகிறது. கொடுத்தது மாயுரி.

தொடர் முழுவதும் மாயுரி யார்? யாரையும் கடிந்துகூடப் பேசாத பெண். "டுட்டூரூ" என்று வணக்கம் சொல்லிக்கொண்டு, தைத்துக்கொண்டு, தின்றுகொண்டு இருப்பவள். பாதிக் கதையில் அவள் வேலையே சாவதுதான். அவளைக் காப்பாற்ற வேண்டும், அவளுக்குத் தெரியக் கூடாது, அவள் பாவம். இப்படியே பார்த்துப் பழகிவிட்டோம். ஒகாபேயும் அப்படியே பழகிவிட்டான். அவன் அவளைத் தன் 'பணயக் கைதி' என்று விளையாட்டாகச் சொல்வான். பாட்டி இறந்த துக்கத்தில் அவள் பேசாமல் கிடந்த நாட்களில், அவளைப் பிடித்து வைக்கக் கண்டுபிடித்த விளையாட்டு அது. கிறுக்கு விஞ்ஞானி வேஷமே அன்றைக்குப் பிறந்ததுதான்.

இப்போது அந்த வேஷம் கழன்று விழுந்து கிடக்கிறது. அதை எடுத்து மாட்டிக்கொள் என்று சொல்பவள் அந்தப் பணயக் கைதி. அவளுக்கு எதுவும் தெரியாது. தனக்காக எத்தனை தடவை காலத்தைப் பின்னோக்கித் தாண்டினான் என்று தெரியாது. தான் உயிரோடு இருப்பதற்கு விலையாகப் போனவள் குரிசு என்று தெரியாது. இந்த உலகக்கோட்டில் அவள் குரிசுவோடு ஒரு நாள்கூடப் பழகியதில்லை. பாதியில் கைவிடுவது ஒகாபேயின் சுபாவம் இல்லை என்பது ஒன்றுதான் அவளுக்குத் தெரியும். யாருக்காகக் குரிசு கைவிடப்பட்டாளோ, அவளே அவனைக் குரிசுவிடம் திருப்பி அனுப்புகிறாள். முதல் தடவை பார்த்தபோது கத்திக்குத்துக் காட்சிதான் பகுதியின் உச்சம் என்று நினைத்தேன். மூன்றாவது தடவை பார்த்தபோதுதான் உச்சம் எங்கே இருக்கிறது என்று புரிந்தது.

கைபேசியில் வரும் அந்த வீடியோ ஜூலை 28-லிருந்தே இருந்ததாமே. முன்பே ஏன் தெரியவில்லை?

அன்று அது வெறும் இரைச்சல். 2025-லிருந்து, பதினைந்து வயது கூடிய ஒகாபே அனுப்பிய வீடியோ டி-மெயில். இவன் ஒரு தடவை போய்த் தோற்றுத் திரும்பிய பிறகுதான் அதில் படமும் குரலும் வருகின்றன. காரணம் கதைக்குள்ளேயே இருக்கிறது. இவன் போய்த் தோற்காத வரை, அந்தத் தோல்வியைச் சுமந்துகொண்டு பதினைந்து வருடம் உழைத்து டைம் மெஷினுக்கு வழிசெய்யும் ஒகாபே என்று ஒருவன் உருவாகவே மாட்டான். அனுப்புகிற ஆள் இல்லாத செய்தியில் என்ன இருக்கும்? இரைச்சல்தான்.

இன்னொரு சுவையான விஷயம். மைக்ரோவேவ் வழியாகப் போன பழைய டி-மெயில்களில் 36 பைட்தான் அடங்கும். ஜப்பானிய எழுத்துகளில் பதினெட்டு. அதையும் மூன்று துண்டாக வெட்டித்தான் அனுப்ப முடியும். ஒவ்வொரு எழுத்துக்கும் அடித்துக்கொண்டவர்கள் பதினைந்து வருடம் கழித்து முழு வீடியோவையே அனுப்புகிறார்கள். டாரு சும்மா இருக்கவில்லை என்று தெரிகிறது.

சரி, தோற்பான் என்று தெரிந்தே ஏன் அனுப்பினார்கள்? முதலிலேயே சரியான திட்டத்தைச் சொல்லியிருக்கலாமே?

எனக்கு வரும் போன்களில் பாதி இந்தக் கேள்விக்காகத்தான். கோபமாகக் கேட்பவர்களும் உண்டு. நியாயமான கோபம், அந்தக் குரல் எவ்வளவு நிதானமாக, "நீ தோற்க வேண்டியிருந்தது" என்கிற மாதிரிப் பேசுகிறது!

முதல் காரணத்தை முந்தின கேள்வியிலேயே பார்த்துவிட்டோம்: தோல்வி இல்லையென்றால் திட்டம் தீட்டுகிறவனே இல்லை. இரண்டாவது காரணம்தான் எனக்குப் பிடித்தது. ஒகாபேயின் பழக்கம் என்ன? ஒரு டி-மெயில் தப்பாகப் போனால் அதை அழிக்க இன்னொரு டி-மெயில். நண்பர்கள் ஒவ்வொருவரின் ஆசையையும் நிறைவேற்றினான், பிறகு ஒவ்வொன்றாகப் பிடுங்கினான். நடந்ததை நடக்காததாக்குவதுதான் அவனுக்குத் தெரிந்த ஒரே வழி. அந்த மனதோடு முதலிலேயே சரியான திட்டத்தோடு போயிருந்தாலும், குரிசுவின் சாவை ஒரேயடியாகத் துடைத்து எறியத்தான் பார்த்திருப்பான். அப்படித் துடைத்தால் என்ன ஆகும்? ரத்தத்தில் கிடக்கும் குரிசுவை முதல் ஒகாபே பார்க்க மாட்டான். பார்க்காவிட்டால் முதல் டி-மெயில் போகாது, ஆல்ஃபா இல்லை, மூன்று வார அலைச்சல் இல்லை, குரிசுவோடு பழகியதும் இல்லை, அவளைக் காப்பாற்ற ஓடிவரும் ஆளும் இல்லை.

அதனால்தான் வீடியோவில் இருப்பவன் சொல்கிறான்: அந்த மூன்று வாரத்தை இல்லாததாக்கிவிடாதே. நடந்தது நடந்ததாகவே இருக்கட்டும். பிறகு அந்தப் புகழ்பெற்ற கட்டளை: முதலில் இருந்த உன்னையே ஏமாற்று, உலகத்தை ஏமாற்று.

'உலகத்தை ஏமாற்று' என்றால் உலகம் என்ன ஏமாறுகிற ஆளா?

சுசுஹா முன்பு சொன்ன கயிறு ஞாபகம் இருக்கிறதா? ஒரு கயிற்றில் பல புரிகள். ஒவ்வொரு புரியும் ஓர் உலகக்கோடு. நடுவில் எப்படி முறுக்கிக்கொண்டு போனாலும் எல்லாப் புரிகளும் சில இடங்களில் ஒன்றுகூடும். ஆல்ஃபா கயிற்றில் மாயுரியின் சாவு அப்படி ஒரு முடிச்சு. பீட்டா கயிற்றில் குரிசுவின் சாவு. ஒரு கயிற்றுக்குள் எவ்வளவு துள்ளினாலும் முடிச்சிலிருந்து தப்ப முடியாது.

ஆனால் முடிச்சு என்று நமக்குத் தெரிவது எதனால்? யாரோ ஒருவன் பார்த்ததால். ஒகாபே உறுதியாகப் பார்த்தது ரத்தமும் உடம்பும் மட்டும். அவன் கண்ணில் பட்ட காட்சி அப்படியே இருக்கட்டும், அதன் உள்ளே நடந்தது மட்டும் வேறாக இருக்கட்டும் என்பதுதான் திட்டம். இதற்கு அவன் வைக்கும் பெயர் ஸ்குல்ட் நடவடிக்கை. ஸ்குல்ட், வட ஐரோப்பியப் புராணத்தில் விதியை நெய்யும் மூன்று தேவதைகளில் ஒருத்தி. எதிர்காலம் அவள் பொறுப்பு. பெயர் வைப்பதில் ஒகாபே பதினைந்து வருடத்திலும் திருந்தவில்லை என்பதும் இதிலிருந்து தெரிகிறது.

இயற்பியலாக இது நிற்குமா என்று கேட்காதீர்கள். நிற்காது. கதைக்குள் இருக்கும் விதிகளுக்குப் பொருந்துகிறதா என்று மட்டும் கேளுங்கள்.

இந்தப் பகுதியில் குறையே இல்லையா?

இருக்கிறது. நகபாச்சி முழுக்கக் கார்ட்டூன் வில்லன். மகள் மேல் பொறாமை கொண்ட அப்பா என்பது எவ்வளவு கனமான விஷயம்! அந்த ஆளைக் கண்ணை உருட்டிக் கத்த விட்டே வீணடித்திருக்கிறார்கள். இன்னொன்று, வேகம். மாயுரியின் சாவுக்கு அத்தனை பகுதிகள் எடுத்துக்கொண்டவர்கள், இங்கே போர், பயணம், கொலை, அறை, வீடியோ எல்லாவற்றையும் இருபத்து நான்கு நிமிடத்துக்குள் திணித்திருக்கிறார்கள். மொட்டை மாடியில் இன்னும் இரண்டு நிமிடம் மௌனம் விட்டிருக்கலாம்.

அதையெல்லாம் தாண்டி இந்தப் பகுதியைத் தூக்கி நிறுத்துவது, ஒகாபேக்குப் பேசும் மியானோ மமோருவின் குரல். அதே தொண்டையிலிருந்து உடைந்த இளைஞனும் வருகிறான், பதினைந்து வருடம் கடந்த நிதானமானவனும் வருகிறான். முதலில் ஜப்பானியக் குரலிலேயே பாருங்கள். கடைசியில், மூல விளையாட்டின் தொடக்கப் பாடலை இந்தப் பகுதிக்கு மட்டும் முடிவுப் பாடலாகப் போட்டிருக்கிறார்கள். விளையாட்டை ஆடியவர்களுக்கு அந்த இடத்தில் மயிர்க்கூச்செறிந்திருக்கும்.

இணையத்தில் '23 பீட்டா' என்று வேறொரு பகுதி கிடைக்கிறது. எதைப் பார்ப்பது?

முதலில் 2011-இல் வந்த 23. இதில் குழம்பவே வேண்டாம்.

23 பீட்டா, 2015 டிசம்பரில் ஜப்பானில் தொடரை மறுஒளிபரப்புச் செய்தபோது, பழைய 23 வர வேண்டிய இடத்தில் திடீரென்று வந்தது. குரிசுவைக் குத்திவிட்டுத் திரும்பி வருவது வரை கிட்டத்தட்ட அதே கதை. அதன் பிறகு அந்த அறை விழுவதில்லை. ஒகாபே எழுந்திருக்கவில்லை, வெள்ளைக் கோட்டைக் கழற்றிவிடுகிறான், கிறுக்கு விஞ்ஞானி காணாமல் போகிறான். தெரிந்த கதைதானே என்று பாதிக் கவனத்தோடு டிவி முன் உட்கார்ந்தவர்கள் அன்று என்ன பாடு பட்டிருப்பார்கள் என்று நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரும்.

அங்கிருந்து கிளம்புவதுதான் ஸ்டைன்ஸ் கேட் ஜீரோ. விளையாட்டு அதே டிசம்பரில் வந்தது, அனிமே 2018-இல். தோற்று, கைவிட்டு, மருந்தோடும் கெட்ட கனவோடும் நாளைக் கடத்துகிற ஒகாபே எப்படி அந்த வீடியோவை அனுப்புகிற ஆளாக மாறினான் என்பது அதன் கதை. அப்புறம், அந்த அறை எப்படி விழுந்தது என்பதற்கும் அங்கே ஒரு பதில் இருக்கிறது. அதற்கு மேல் சொல்ல மாட்டேன். 24, அதன் பிறகு வந்த தனிப் பகுதி, 2013-இல் வந்த திரைப்படம் இவற்றை முடித்துவிட்டு, கொஞ்சம் இடைவெளி விட்டு, 23 பீட்டாவையும் ஜீரோவையும் எடுங்கள்.

ஜான் டைட்டர் நிஜமான ஆளா?

நிஜமான புரளி. 2000-2001-இல் அந்தப் பெயரில் ஒருவர், தான் 2036-லிருந்து வந்த அமெரிக்கச் சிப்பாய் என்று இணையத்தில் எழுதிக்கொண்டிருந்தார். 1975-க்குப் போய் ஐபிஎம் 5100 கணினியை எடுத்து வரச் சொல்லி அனுப்பியிருக்கிறார்களாம். அவர் சொன்ன அமெரிக்க உள்நாட்டுப் போரும் வரவில்லை, 2015 அணுப் போரும் வரவில்லை. கதையில் அந்தக் கணினி ஐபிஎன் 5100 ஆகிவிட்டது. சுசுஹா 2036-லிருந்து வருவதும், பெரும் போரைப் பற்றிப் பேசுவதும் இங்கிருந்து எடுத்ததுதான்.

ரேடியோ கைகான்?

அகிஹபாரா ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஆனால் அனிமேயில் பார்க்கும் பழைய கட்டடம் இப்போது இல்லை. தொடர் ஓடிய அதே 2011-இல் மூடி, பிறகு இடித்துவிட்டார்கள். புதியது 2014-இல் திறந்தது. இடிப்பதற்கு முன், அந்த அக்டோபரில், கதையில் வருவது போலவே சுவரில் செயற்கைக்கோள் வந்து மோதி நிற்கிற மாதிரி ஒரு மாதிரியைப் பொருத்திவைத்தார்கள்.

எச்சரிக்கை: இனி 24-ஆம் பகுதியின் கதை வருகிறது. பார்க்காதவர்கள் இங்கேயே நிறுத்திவிடுங்கள்.

மெட்டல் உபாவுக்கும் போருக்கும் என்ன தொடர்பு?

முதல் பகுதியில் காசு போட்டு எடுக்கும் பொம்மை இயந்திரத்தில் ஒகாபேக்கு மெட்டல் உபா என்ற ஒரு சின்ன உலோகப் பொம்மை விழுகிறது. மாயுரிக்குக் கொடுக்கிறான். அவள் பெயரெழுதி, தொலைத்தும் விடுகிறாள். அது குரிசுவின் கையில் கிடைத்து, கட்டுரை இருக்கும் உறைக்குள் போகிறது. விமான நிலையத்தில் அந்த உலோகப் பொம்மையால் சோதனைக் கருவி கத்த, நகபாச்சி உறையைத் தனியே எடுத்துக் கைப்பையோடு கொண்டுபோகிறார். விமானத்தின் சரக்குப் பகுதியில் தீப்பிடித்தும் கட்டுரை தப்பிவிடுகிறது. ஒரு பொம்மையால் 570 கோடிப் பேர். அதனால் ஒகாபே முந்திப் போய் மெட்டல் உபாவைத் தானே எடுத்துவிடுகிறான். அடுத்து வருகிற தன்னுடைய பழைய உருவத்துக்குச் சாதா பிளாஸ்டிக் உபா விழுகிறது. தீயைத் தடுக்கவும் இல்லை, அப்பாவைத் தடுக்கவும் இல்லை.

கடைசியில் ரத்தம் யாருடையது?

போலி ரத்தத்தை ஒரு விளையாட்டு வாளுக்குள் நிரப்பி எடுத்துப் போகிறான். போய்ப் பார்த்தால் அது காய்ந்து கட்டியாகிவிட்டது. இரண்டாவது முயற்சிக்கு மேல் எரிபொருளும் இல்லை. அப்போது கத்தியோடு நிற்கும் நகபாச்சியைச் சீண்டி, குத்து வாங்கி, காயத்தைத் தன் கையாலேயே இன்னும் கிழித்து, மயங்கிக் கிடக்கும் குரிசுவைச் சுற்றித் தன் ரத்தத்தை ஊற்றுகிறான்.

பிறகு அலறுகிறான். முதல் பகுதியில் கேட்டோமே, அந்த அலறல். அதைக் கேட்டுப் பழைய ஒகாபே ஓடி வருகிறான், பார்க்கிறான், நடுங்குகிற விரலால் டாருவுக்குச் செய்தி தட்டுகிறான். முதல் பகுதியின் ஜப்பானியத் தலைப்பு 'தொடக்கமும் முடிவுமான முன்னுரை'. 24-இன் தலைப்பு 'முடிவும் தொடக்கமுமான முன்னுரை'. எந்த உலகக்கோட்டில் இருக்கிறோம் என்று காட்டும் டைவர்ஜென்ஸ் மீட்டரில் வந்து நிற்கும் எண் 1.048596.

அப்படியென்றால் 24 முடிந்ததும் முதல் பகுதியை மறுபடி பார்க்க வேண்டுமா?

அன்று ராத்திரியே பாருங்கள். அந்த அலறல் வரும்போது மட்டும் ஹெட்போன் போட்டுக்கொள்ளுங்கள்.